ஊட்டிக் குளிரில் கிளம்ப மறுக்கும் பழைய கார்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

நீலகிரியில் நவம்பர் கடைசி தொடங்கி பிப்ரவரி வரை உறைபனி விழும். தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு எழும். அந்த நேரத்தில் பழைய மாருதி 800, பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே பழியைச் சொல்வார்கள்: குளிர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கனடாவிலும் நார்வேயிலும் இதைவிட இருபது டிகிரி கீழே கார்கள் தினமும் கிளம்புகின்றன. பூஜ்யம் டிகிரியில் ஒரு வண்டி கிளம்பவில்லை என்றால், அக்டோபரிலேயே அதற்குள் ஒரு குறை இருந்திருக்கிறது. வெயிலில் சமாளித்துக்கொண்டிருந்தது, குளிரில் முடியவில்லை. அந்தக் குறையைத் தேடிப் பிடித்துவிட்டால் அடுத்த உறைபனிக்கு அந்த வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பும்.

இங்கே பெரும்பாலும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) வைத்த பெட்ரோல் வண்டிகளைப் பற்றியே சொல்கிறேன். டீசலுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கையில் ஒரு மல்டிமீட்டர், ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், காய்ந்த பருத்தித் துணி, ஒரு டார்ச் இருந்தால் இதில் உள்ள பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

பானெட்டைத் திறக்கும் முன் வானத்தைப் பாருங்கள்

குளிர் இரண்டு வகை. புல்மேல் வெள்ளை படிந்த உறைபனிக் காலையில் வானம் தெளிந்திருக்கும், காற்று உலர்ந்திருக்கும். அன்று கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் பேட்டரி, கேபிள், எஞ்சின் ஆயில், சோக் (குளிரில் கிளம்பக் கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) ஆகியவற்றின் மேல் விழ வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், அக்டோபர், நவம்பர் மழையிலும் வரும் மூடுபனிக் காலை வேறு. அன்று வெப்பநிலை பத்து, பன்னிரண்டு டிகிரிகூட இருக்கலாம். ஆனால் குளிர்ந்து கிடக்கும் இரும்பின்மேல் ஈரம் வியர்த்துப் படியும். அன்று கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் கரன்ட் போகும் வழியின் மேல்: டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்டைப் பிரித்துவிடுவது) மூடி, பிளக் வயர்கள், காயில் (பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்குவது). உறைபனியன்று தவறாமல் கிளம்பும் வண்டி மூடுபனியன்று மட்டும் அடம்பிடிக்கிறது என்று ஒருவர் சொன்னால், வண்டியைப் பார்க்காமலேயே பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். கார்புரேட்டரை எங்கே டியூன் செய்தீர்கள்? ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ அமைத்த கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலையே அனுப்பும்; ஆனால் இங்கே அதனுடன் கலக்கக் காற்று குறைவாக இருக்கும். கலவை தடித்துவிடும். அதன்மேல் சோக்கையும் முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டரையும் நான்கு முறை மிதித்தால் பிளக் நனைந்து போகும். மலையில் ‘குளிரால் கிளம்பவில்லை’ என்று சொல்லப்படும் வண்டிகளில் பல உண்மையில் பெட்ரோல் அதிகமாகிக் கிளம்பாதவை.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

ஹெட்லைட்டைப் போடுங்கள். லைட் நன்றாக எரிகிறதா? அப்படியே சாவியைத் திருப்புங்கள். லைட் துளியும் மங்காமல் இருந்தால் கரன்ட் செல்ஃப் மோட்டார் வரைக்கும் போகவே இல்லை. இக்னிஷன் சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரன்டை விடும் மின்காந்த சுவிட்ச்) வரும் மெல்லிய வயரின் முனையைப் பாருங்கள். கழன்றிருக்கும், அல்லது பூத்துப்போயிருக்கும். சாவியை ஸ்டார்ட் நிலையில் வேறொருவர் பிடித்திருக்க, அந்த முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும். வந்தும் சத்தம் இல்லை என்றால் சொலினாய்டு. வரவில்லை என்றால் சுவிட்ச் அல்லது வயர்.

சாவியைத் திருப்பியதும் லைட் அடியோடு அணைந்துவிட்டால், பேட்டரி டெர்மினலில் பிடிமானம் இல்லை. வெளியே பளபளவென்று தெரிந்தாலும் உள்ளே கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். சின்ன கரன்டை அது விடும், செல்ஃப் கேட்கும் பெரிய கரன்டை விடாது. நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, இரண்டு கம்பங்களையும் கிளாம்புகளின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் ஈயம் மின்னும் வரை தேய்த்து இறுக்குங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் வேண்டாம்.

டக டகவென்று அடிக்கிறது, அல்லது ஒரே ஒரு ‘டக்’

வேகமாக டக டக டக என்று கேட்டால் சொலினாய்டு இழுக்கிறது, இழுத்த நொடியில் பேட்டரி வோல்ட் சரிந்து, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது மேலே சொன்ன டெர்மினல் கோளாறு. ஒரே ஒரு கனமான ‘டக்’ கேட்டு அமைதியாகிவிட்டால், சொலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடர்புகள் எரிந்து தேய்ந்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம். அப்போது மோட்டார் உடம்பில் மரக்கட்டையால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் பல முறை சுற்றிவிடும். சுற்றினால் நோய் எது என்று தெரிந்துவிட்டது. அந்த வாரத்திலேயே பிரஷ் மாற்றிவிடுங்கள்.

மோட்டார் விர்ரென்று தனியாகச் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டு எஞ்சின் அசையவில்லை என்றால், செல்ஃப் பினியன் (மோட்டாரின் சின்னப் பற்சக்கரம்) எஞ்சினின் பெரிய சக்கரமான ஃபிளைவீலில் கடிக்கவில்லை. பினியன் நகரும் தண்டில் பழைய கிரீஸும் கிளட்ச் தூசும் கலந்து குளிரில் இறுகியிருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினால் தீரும். அங்கே மறுபடி கெட்டி கிரீஸை அப்ப வேண்டாம்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

நீலகிரிக் குளிரில் அதிகம் வரும் புகார் இதுதான். லெட் ஆசிட் பேட்டரி பூஜ்யம் டிகிரியில் தன் இழுவைத் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்பட்டு எஞ்சின் சுற்ற வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். வருமானம் குறைந்து செலவு கூடும் குடும்பத்தைப் போல. மே மாதத்தில் பாதி சார்ஜிலேயே எஞ்சினைச் சுற்றிய பேட்டரி, ஜனவரியில் அதே பாதி சார்ஜில் முனகும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், எதையும் போடுவதற்கு முன் பேட்டரி கம்பங்களில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இது பாதிச் சோதனைதான். மீட்டரை எடுக்காமல் வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சாதாரண நாளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. உறைபனிக் காலையில் 9.1 வரை பொறுத்துக்கொள்ளலாம். நின்றபோது 12.6 காட்டிவிட்டுச் செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. சார்ஜ் ஏற்றிப் பயனில்லை.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரை (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பாருங்கள். நிறைந்த பேட்டரியில் 1.240 முதல் 1.260 வரை காட்டும். ஐந்து செல்கள் சரியாக இருந்து ஒரு செல் மட்டும் 1.150 காட்டினால் அந்த ஒன்றே மொத்தத்தையும் கீழே இழுக்கிறது. பிளேட் தெரியும் அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றிச் சரி செய்யும் பழக்கம் பேட்டரியைக் கொல்லும்.

பேட்டரி நன்றாக இருந்தும் இழுத்துச் சுற்றினால் கேபிளைப் பிடியுங்கள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அடுத்து நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்புக்கும் இடையில். இங்கே 0.2, 0.3-க்கு மேல் போனால் எர்த் சரியில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின்மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் இடையே பின்னல் எர்த் பட்டை ஒன்று போகும். மழையும் சேறும் பட்டு அது நார் நாராக அறுந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. எர்த் பட்டை போய்விட்டால் செல்ஃப் கரன்ட் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள். அது சுட்டால் வேறு சோதனையே தேவையில்லை. புது எர்த் பட்டை போடும் வரை செல்ஃப் அடிக்காதீர்கள். கேபிள் உறை உருகி நெருப்புப் பிடித்துவிடும்.

ஆயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேய்ந்த எஞ்சின் புகை விடாமல் இருக்க 20டபிள்யூ-50 ஊற்றுவது சமவெளிப் பழக்கம். அது பூஜ்யம் டிகிரியில் உறைந்துவிடாது, ஆனால் நன்றாகக் கெட்டிப்படும். ஊட்டியிலேயே நிற்கும் வண்டிக்கு, எஞ்சின் அனுமதித்தால், குளிர்காலத்தில் 15டபிள்யூ-40 போதும். சுற்றும் வேகத்தில் வித்தியாசம் காதிலேயே தெரியும். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச்சை முழுதாக மிதிக்கும் பழக்கமும் நல்லது. நியூட்ரலில் இருந்தாலும் கியர்பாக்ஸின் கெட்டி ஆயிலைச் செல்ஃப் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்காது.

பேட்டரி ஏன் இறங்குகிறது என்பதையும் கேளுங்கள். வீட்டிலிருந்து ஊட்டி நகர நடுவிலுள்ள சேரிங் கிராஸ் வரை, அங்கிருந்து மார்க்கெட், மறுபடி வீடு. மூடுபனியில் ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஓடும். செலவழித்த சார்ஜ் திரும்பி ஏற இந்தத் தூரம் போதாது. டைனமோ வைத்த பழைய அம்பாசடர்களில் இன்னும் மோசம். ஐடிலில் டைனமோ சார்ஜே தராது. எஞ்சின் ஓடும்போது, சற்று வேகம் கொடுத்து, பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் புது பேட்டரி வாங்கினாலும் அடுத்த மாதம் அதுவும் இறங்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவே இல்லை

இங்கே மூக்கு வேலை செய்ய வேண்டும். பத்து நொடி செல்ஃப் அடித்த பிறகு சைலன்சர் பக்கம் போய் முகர்ந்து பாருங்கள். பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. வாடையே இல்லை என்றால் பெட்ரோல் வரவில்லை.

வாடை இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நுனி பளபளவென்று நனைந்து பெட்ரோல் நாற்றம் அடிக்கிறதா? ஓவர்ஃப்ளோ. சோக்கை முழுதாக உள்ளே தள்ளுங்கள். ஆக்சிலேட்டரைத் தரையோடு ஒரே மிதியாக மிதித்து, விடாமல் பிடித்துக்கொண்டு பத்து நொடி செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டரின் ஆக்சிலேட்டர் பம்ப் மேலும் பெட்ரோலைப் பீய்ச்சும். காற்று உள்ளே போய் ஈரம் உலர்ந்ததும் எஞ்சின் திக்கித் திக்கிப் பிடிக்கும். பிடித்த பிறகும் காலை உடனே எடுக்காதீர்கள். பிளக் கரி பிடித்துக் கறுத்திருந்தால் கழற்றித் துடைத்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள்.

கரன்ட் வருகிறதா என்று பார்க்க, கழற்றிய பிளக்கை அதன் வயரிலேயே மாட்டி, உலோக உடம்பு எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பிளக் துவாரத்துக்கு அருகில் வைக்கக் கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். பொறி நீலமாக, ‘சட் சட்’ என்று சத்தத்தோடு தெறிக்க வேண்டும். மஞ்சளாக, மெலிந்து, சத்தமில்லாமல் இருந்தால் அது வெளியே தெரிந்தாலும் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் எரியாது.

பொறி மெலிந்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உள்பக்கத்தைப் பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது. முதலில் ஈரம் தெரியும்: கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மெல்லிய படலம். அதைக் காய்ந்த துணியால் துடையுங்கள். துடைத்த பிறகு மறுபடி பாருங்கள். இரண்டு செம்பு முனைகளுக்கு இடையில் பென்சிலால் இழுத்ததுபோல் முடி அளவு கறுப்புக் கோடு ஒன்று வளைந்து போனால், கரன்ட் அந்தக் கோடு வழியாகக் கசிந்து பழகிவிட்டது என்று பொருள். சுரண்டினாலும் அது திரும்ப வரும். மூடியை மாற்ற வேண்டும். ரோட்டாரின் பித்தளை நுனி எரிந்திருக்கிறதா, நடுவிலுள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் எழும்புகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரன்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடர்பு) வைத்த வண்டியில் பாயிண்டைத் திறந்து அதன் இரு முகங்களையும் பாருங்கள். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் இருந்தால் பாயிண்டில் பொறி தெறிப்பதைத் தணிக்கும் கண்டென்சர் போய்க்கொண்டிருக்கிறது. இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்கு அருகில், உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவில் இருக்க வேண்டும். பாயிண்டின் முகம் நீலம் பாரித்து எண்ணெய்ப் படலம் பூசியிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தாலே பொறி திரும்பிவிடும். இதற்கு மூன்று நிமிடம் ஆகாது. இதைப் பார்க்காமல் புதுக் காயில் வாங்குபவர்கள் ஏராளம்.

மூடுபனிக் காலையில் பிளக் வயர்களிலேயே கசிவு இருக்கும். இருட்டாக இருக்கும்போதே பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல், ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வயர்களின்மேல் நீலப் பொறி ஊர்ந்தாலோ, காயில் கழுத்தைச் சுற்றி மினுங்கினாலோ கண்ணுக்கே தெரியும். பட்டறையில் எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

இனி, வாடையே இல்லாத வண்டி. ஏர் கிளீனர் மூடியை எடுத்துவிட்டு, இக்னிஷனை நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். ஆக்சிலேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறை காய்ந்திருக்கிறது. பல நாள் நின்ற வண்டியில் இது இயல்பு. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் (பட்டறைப் பேச்சில் ஏ.சி. பம்ப்) எஞ்சின் சுற்றினால்தான் வேலை செய்யும் என்பதால் இருபது நொடி வரைகூடச் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். அதை ஐந்தைந்து நொடியாகப் பிரித்து, நடுவே பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஓய்வு கொடுத்து அடியுங்கள். பம்பில் கைத்தள்ளு நெம்புகோல் இருந்தால் முதலில் அதை அழுத்தி நிரப்புங்கள். தினமும் ஓடும் வண்டியில் இரவோடு இரவாக அறை காய்ந்தால் பம்ப் டயஃப்ராம் கிழிந்திருக்கலாம், அல்லது வால்வு பிடிக்காமல் பெட்ரோல் டேங்குக்கே திரும்பி வடிந்திருக்கலாம்.

அடுத்தது சோக். குமிழை இழுத்தாலே சோக் மூடிவிட்டது என்று நம்ப வேண்டாம். கேபிள் நீண்டு, கிளிப் வழுக்கி, குமிழ் முழுதாக வெளியே வந்தும் கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு பாதிதான் மூடியிருக்கும். ஒருவர் இழுக்க, மற்றவர் தகட்டைப் பார்க்க வேண்டும். முழுதாக மூட வேண்டும்; குமிழை உள்ளே தள்ளினால் முழுதாக நிமிர வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே எரியக் கிடைக்கிறது. அதனால்தான் சோக் அதிகப் பெட்ரோலைக் கேட்கிறது. மூன்று, நான்கு மாதம் டேங்கில் கிடந்த பெட்ரோலில் அந்த எளிய பகுதி முதலில் பறந்துபோயிருக்கும். புதுப் பெட்ரோல் ஐந்து லிட்டர் ஊற்றினாலே குணம் தெரியும்.

இப்போது பம்புகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கேட்கும். குளிரில் இது கிளம்புவதைக் கடினமாக்கும். தண்ணீரையும் உறிஞ்சும். ஈரமான ஊரில் பாதி டேங்குடன் மாதக்கணக்கில் நின்ற வண்டியில், ஃபில்டரிலிருந்து கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்குப் பிரிந்து நின்றால் டேங்கையே வடிக்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயஃப்ராமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றைத் தொட்டுப் பார்த்து, பிசுபிசுத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

சாவியை விடும் நொடியில் மட்டும் பிடிக்கப் பார்க்கிறது

இது மிகத் தெளிவான அறிகுறி. பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். செல்ஃப் அடிக்கும் வரை எஞ்சின் வெறுமனே சுற்றும். கை தளர்ந்து சாவி திரும்பும் அந்த நொடியில் ஒரு உதறு உதறி, பிடிப்பதுபோல் வந்து, நின்றுவிடும். செல்ஃப் ஓடும்போது காயிலுக்குப் போதிய வோல்ட் போகவில்லை, விட்டதும் போகிறது என்பதுதான் இதன் பொருள். பேட்டரி பலவீனமாக இருந்து மொத்த வோல்ட்டும் சரிவது ஒரு காரணம். மற்றொன்று, பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் தடை) வைத்த வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டி முழு வோல்ட்டையும் காயிலுக்குக் கொடுக்கும் தனி வயர் ஒன்று உண்டு, அது அறுந்திருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் மீட்டரை வையுங்கள். அங்கே வரும் வோல்ட் பேட்டரியில் அந்த நேரத்தில் இருக்கும் வோல்ட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். மிகக் குறைவாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் சுவிட்ச் தொடங்கி அந்த வயர் வரை தேடுங்கள். பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலும் இந்த அறிகுறி மோசமாகும், 0.7 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தாலே அன்றைய காலைக்கு வண்டி கிளம்பிவிடலாம்.

கிளம்புகிறது, சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது

சோக்கை அவசரமாகத் தள்ளியிருந்தால் அதுவே காரணம். கிளம்பியதும் பாதி தள்ளி, எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியதும் மீதியைத் தள்ள வேண்டும்.

சோக் சரியாக இருந்தும், வண்டி நன்றாகக் கிளம்பி, ஒரு கிலோமீட்டர் ஓடி, மூச்சடைத்து நின்று, பத்து நிமிடம் கழித்து எதுவும் செய்யாமலே மறுபடி கிளம்பினால், கார்புரேட்டருக்குள் பனி கட்டுகிறது. பெட்ரோல் ஆவியாகும்போது அந்த இடத்தின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஐந்து, பத்து டிகிரியில் ஈரக் காற்று உள்ளே போனால் த்ராட்டில் தகட்டைச் சுற்றி அந்த ஈரம் பனியாக ஒட்டும். நின்ற பிறகு எஞ்சின் சூட்டில் அது உருகிவிடுவதால், மெக்கானிக் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். உலர்ந்த உறைபனிக் காலையைவிட மழைக்கால மூடுபனியில்தான் இது அதிகம். சில பழைய வண்டிகளில் ஏர் கிளீனரின் மூக்கை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் திருப்பிச் சூடான காற்றை எடுக்க வசதி உண்டு. அந்தக் குழாய் கழன்று காணாமல் போயிருந்தால் மறுபடி பொருத்துங்கள்.

அவசரத்தில் செய்பவை

வேறு வண்டியிலிருந்து பேட்டரி கொடுக்கும்போது, பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் முதலில். பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவ். கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு கடைசிப் பொறியில் வெடித்துவிடக் கூடாது. மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். எந்தக் கம்பம் பாடியில் போகிறது என்று பார்த்துவிட்டே கேபிளைத் தொடுங்கள்.

சரிவில் உருட்டி இரண்டாம் கியரில் கிளட்ச்சை விடுவது மலைக்காரர்களுக்குப் பழக்கமானது. எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் கல்லாக இருக்கும். சாவி ஆன் நிலையில் இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கீழே சாலை காலியாக இல்லாத இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பகுதி) உள்ள வண்டியிலும் வேண்டாம். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து கெடுக்கும்.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிவிட்டுச் செல்ஃப் அடிப்பதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன். ஒரு பேக்ஃபயர் போதும், குனிந்திருப்பவரின் முகம் போய்விடும். ஆயில் சட்டிக்குக் கீழே துணியை எரித்துச் சூடாக்குவதும் அப்படியே.

டீசல் வண்டியானால்

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரிவதற்குச் சூடு போதவில்லை. பழைய அம்பாசடர் டீசல் போன்ற எஞ்சின்கள் ஹீட்டர் பிளக் (கிளம்பும் முன் உள்ளே சூடேற்றும் பிளக்) இல்லாமல் குளிரில் எரியாது. ஒவ்வொரு ஹீட்டர் பிளக்கின் இணைப்பையும் கழற்றி, நுனிக்கும் எஞ்சினுக்கும் இடையே மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஓர் ஓம் அளவில் காட்டினால் நல்லது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் எரிந்துவிட்டது. நான்கில் இரண்டு போனாலும் கோயம்புத்தூரில் கிளம்பும் வண்டி இங்கே கிளம்பாது. காற்றழுத்தம் குறைவதால் சிலிண்டருக்குள் எழும் சூடும் குறைந்துவிடுகிறது. பிளக் நல்லதாக இருந்தால் ரிலேயிலிருந்து வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது. சிவந்த பிளக்கில் பட்டு மேனிஃபோல்டே வெடிக்கும்.

புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கும்: இரவில் குழாய் மூட்டு வழியாகக் காற்று நுழைந்து டீசல் டேங்குக்கு வடிந்துவிடும். ஃபில்டர்மேல் உள்ள பிளீடிங் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும் வரை கைப்பம்பை அழுத்துங்கள். அது வாரம் இருமுறை நடந்தால் செம்பு வாஷர்களையும் ரப்பர் குழாயையும் மாற்றுங்கள். டீசல் மெழுகாகிக் கெட்டிப்படுவது லடாக் போன்ற இடங்களின் பிரச்சினை. அதற்கென்றே இந்தியன் ஆயில் 2019-இல் −33 டிகிரி வரை இளகியிருக்கும் டீசலைக் கொண்டுவந்தது. நீலகிரியில் அதைக் கடைசியாகவே சந்தேகியுங்கள்.

கரன்ட் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, வேகமாகவும் சுற்றுகிறது, ஆனாலும் கிளம்பவில்லை

மிஞ்சுவது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் பலம். செல்ஃப் அடிக்கும் சத்தத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக விர்ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மாருதி 800-இல் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் சரி என்றால் வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளி. இறுகிப்போன டேப்பெட் வால்வை முழுதாக மூடவிடாது. அதுவும் சரி என்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து அளக்க வேண்டும். கையேட்டில் உள்ள எண் கடல் மட்டத்துக்கானது. ஊட்டியில் நல்ல எஞ்சினும் அதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவாகவே காட்டும். இதை அறியாமல், நல்ல எஞ்சினை ‘போய்விட்டது’ என்று சொல்லி இறக்க வைத்துவிடுவார்கள். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதன் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இரண்டுமே ஹெட்டை இறக்க வேண்டிய வேலை என்பதால், எந்தச் சிலிண்டர், எவ்வளவு, ஆயில் விட்ட பிறகு எவ்வளவு என்று எழுதிக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.